ஒற்றைப் பலகைக் கணினி: புத்தலப்பட்டிலிருந்து படிப்பவர்களுக்கு முக்கியக் குறிப்புகள்

சித்தூரிலிருந்து கடப்பைக்குப் போகும் சாலையில், திருப்பதி சாலை பிரியும் ஊர் புத்தலப்பட்டு. சுற்றிலும் கிளிமூக்கு மாந்தோப்புகள். ஒற்றைப் பலகைக் கணினி என்ற பாடத்தை ஆண்டும் பெயருமாக மனப்பாடம் செய்தால் தேர்வுக்கு முந்தின நாளே மறந்துவிடும். தோப்போடும் படிப்பகத்தோடும் சேர்த்துப் படித்தால் நிற்கும்.

• செயலி, நினைவகம், இணைப்பு வாய்கள் எல்லாம் ஒரே மின்சுற்றுப் பலகையில் அமைந்த முழுக் கணினியே ஒற்றைப் பலகைக் கணினி. திரை, விசைப்பலகை, மெமரி கார்டு, மின்சாரம் ஆகியவற்றை வெளியிலிருந்து இணைக்க வேண்டும்.

• புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ராஸ்பெரி பை. அதை உருவாக்கிய அறக்கட்டளை 2009-இல் பிரிட்டனின் கேம்பிரிட்ஜில் அமைந்தது. முன்னின்றவர் எபன் அப்டன். முதல் பலகை விற்பனைக்கு வந்த நாள் 2012 பிப்ரவரி 29. அந்த மாடல் பி-யின் விலை அப்போது 35 டாலர், வேகம் 700 மெகாஹெர்ட்ஸ், நினைவகம் 256 எம்.பி., அளவு ஏறக்குறைய ஏ.டி.எம். அட்டை. பிள்ளைகள் நிரல் எழுதிப் பழக வேண்டும் என்பதே நோக்கம். பெயரிலுள்ள ‘பை’ பைத்தான் மொழியைக் குறிக்கிறது.

• 2015 நவம்பரில் 5 டாலருக்குப் பை ஜீரோ வந்தது. ஓர் இதழின் அட்டையோடு இலவசமாகத் தரப்பட்ட முதல் கணினி இதுவே. அடுத்த மாதம் இரண்டு பைகள் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போய், பிரிட்டன் பள்ளி மாணவர்கள் எழுதிய நிரல்களை ஓட்டின. திட்டத்தின் பெயர் ஆஸ்ட்ரோ பை.

• பை 3 (2016) முதல் வைஃபை, புளூடூத் பலகையிலேயே உண்டு. பை 4: 2019. பை 5: 2023.

• அதிகம் பேர் தவறவிடும் கேள்வி: ஆர்டுயினோவும் ராஸ்பெரி பையும் ஒன்றா? இல்லை. ஆர்டுயினோ யூனோ ஒரு மைக்ரோகன்ட்ரோலர் பலகை. இயங்குதளம் கிடையாது, ஏற்றிய ஒரே நிரலை ஓயாமல் ஓட்டும், நினைவகம் வெறும் 2 கிலோபைட். பையில் லினக்ஸ் ஓடும். ஒரே நேரத்தில் பல வேலை செய்யும். ஆனால் ஆர்டுயினோவுக்கு ஒரு வசதி கூடுதல்: அதில் 6 அனலாக் உள்ளீடுகள் உண்டு, பையில் ஒன்றுகூட இல்லை. அதனால் சாதாரண மண் ஈர உணரியைப் பையில் நேராகச் செருக முடியாது. இடையில் அனலாக்கை டிஜிட்டலாக்கும் சில்லு வேண்டும். 2021-இல் வந்த பை பிகோவும் மைக்ரோகன்ட்ரோலர்தான். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

• ராஸ்பெரி பை பலகையின் ஓரத்தில் 40 பின்கள். சாதாரணக் கணினிக்கு இல்லாத சிறப்பு இதுதான். வெப்பம், ஈரம், நீர்மட்டம் பற்றிய செய்தி இவற்றின் வழியாக உள்ளே வரும். ‘போடு’, ‘நிறுத்து’ என்ற கட்டளை வெளியே போகும். செய்தியும் கட்டளையும் போகும் இந்தப் பின்கள் தாங்குவது 3.3 வோல்ட். 5 வோல்ட்டைக் கொடுத்தால் பலகை போய்விடும்.

• மாந்தோப்பில்: விவசாய மின்சாரம் குறித்த நேரத்தில்தான் வரும், அது நடுராத்திரியாகவும் இருக்கலாம். உணரி, ரிலே, சொட்டுநீர் வால்வு ஆகியவற்றோடு சேர்ந்த ஒரு பை, கரண்ட் வந்ததும் பாத்தி பாத்தியாகத் தண்ணீரைத் திறந்து மூடும். மூன்று ஃபேஸ் மோட்டாரைச் சின்ன ரிலேயில் நேராக இணைக்கவே கூடாது. ரிலே ஸ்டார்ட்டரின் காயிலை இயக்க வேண்டும், ஸ்டார்ட்டர் மோட்டாரை இயக்க வேண்டும். அந்த வேலை எலக்ட்ரீஷியனுடையது. இன்னொன்று: மா பூப்பதற்கு முந்தைய இரண்டு மூன்று மாதம் தண்ணீரை நிறுத்தி மரத்தைக் காயவிடுவது வழக்கம். பிஞ்சு பிடித்த பிறகுதான் பாய்ச்சுவார்கள். ‘மண் காய்ந்தால் மோட்டாரைப் போடு’ என்று மட்டும் எழுதிய நிரல் பூவைக் கெடுத்துவிடும். தோப்புக்காரரின் மாதக் கணக்கும் நிரலுக்குள் இருக்க வேண்டும்.

• பலமனேர் பக்கத்துப் பட்டுப்புழு மனைகளில்: இளம்புழுவுக்கு 26 முதல் 28 டிகிரி செல்சியஸ், 80 முதல் 90 விழுக்காடு ஈரப்பதம், வளர்ந்த புழுவுக்கு இரண்டுமே குறைவாக வேண்டும். விலை குறைந்த உணரி ஒன்றைப் பையோடு இணைத்தால் அளவு தாண்டியதும் கைப்பேசிக்குச் செய்தி வரும்.

• படிப்பகத்தில்: என் பார்வையில் இதன் மிக நல்ல பயன் இதுதான். ஹெச்.டி.எம்.ஐ. வாய் உள்ள பழைய டி.வி., ஒரு விசைப்பலகை, ஒரு பை இருந்தால் படிக்க ஒரு கணினி தயார். இன்னும் மேலே, பை தானே ஒரு வைஃபையை உருவாக்கும். கிவிக்ஸ் என்ற கட்டற்ற மென்பொருளில் தமிழ், தெலுங்கு விக்கிப்பீடியாக்களை முழுதாக இறக்கி அதில் வைத்துவிட்டால், இணையமே இல்லாத அறையில் பத்துப் பேர் தத்தம் கைப்பேசியில் படிக்கலாம். டேட்டா தீர்ந்துபோன பிள்ளை படிப்பை நிறுத்த வேண்டியதில்லை.

• கணக்கு: 5 வாட் எடுக்கும் பலகை மாதம் முழுக்க அணையாமல் ஓடினால்? 5 × 24 × 30 = 3,600 வாட்-மணி, அதாவது 3.6 யூனிட். ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்பு அதே நேரம் எரிந்தால் 6.48 யூனிட்.

• பலவீனங்கள்: எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் மெமரி கார்டு கெடலாம், நம் பக்கம் இது அடிக்கடி நடக்கும். சின்ன பேட்டரி காப்பும் கார்டின் நகலும் அவசியம். பை 4 வரை பலகையில் கடிகாரச் சில்லு கிடையாது. இணையமில்லாமல் மறுபடி எழுந்தால் நேரம் தப்பும்; நேரத்தை நம்பி மோட்டாரை விட்டிருந்தால் நிலைமையை நினைத்துப் பாருங்கள். பை 5-இல் கடிகாரம் உண்டு, பேட்டரி தனியாக வாங்க வேண்டும்.

• இந்தியா: சென்னை ஐ.ஐ.டி.யின் செயலி சக்தி. சி-டாக் நிறுவனத்தின் செயலி வேகா. அதன் தேஜஸ்32 சில்லில் அமைந்த பலகை ஏரீஸ். சக்தி, வேகா இரண்டும் திறந்த ரிஸ்க்-ஃபைவ் கட்டமைப்பில் அமைந்தவை. விலை மலிவான கணினி என்ற கனவு நமக்குப் புதிதல்ல: 2001-இல் பெங்களூரில் அறிமுகமான கையடக்க சிம்ப்யூட்டரைச் சேர்த்துப் படிக்கவும்.

• அடல் டிங்கரிங் ஆய்வகம்: நிதி ஆயோக்கின் அடல் புத்தாக்க இயக்கம், 2016. 6 முதல் 12-ஆம் வகுப்பு மாணவர்களுக்கானது. ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம்.

உங்கள் பக்கத்துப் பள்ளியில் அந்த ஆய்வகம் இருந்தால், தேர்வுக்கு முன் ஒருநாள் ஆசிரியரிடம் கேட்டு உள்ளே போங்கள். பலகையைக் கையில் வாங்கி அந்த 40 பின்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.