பழுதுபட்ட மரபணு உணர்த்தும் உறவு

ஏட்டுச்சுவடிகளை ஆராய்வோர் அறிந்த உண்மை ஒன்றுண்டு. ஒரு நூலின் பல படிகளை ஒப்பிடுங்கால், பிழையற்ற பாடங்கள் எல்லாப் படிகளிலும் ஒத்திருத்தல் இயல்பு. ஆனால் இரு படிகளில் ஒரே இடத்தில் ஒரே எழுத்து விடுபட்டிருப்பின், அவ்விரண்டும் அப்பிழையுடைய ஒரே மூல ஏட்டிலிருந்து வந்தனவாதல் கூடும் என ஐயுறுகின்றோம். அத்தகைய பிழைகள் பல ஒத்திருப்பின் ஐயம் துணிபாகின்றது. மரபணுக்களும் தலைமுறைதோறும் படியெடுக்கப்படும் ஏடுகளே. அவற்றுள் ஒன்றன் வரலாற்றை ஈண்டு நோக்குவோம்.

பழமும் கீரையுமின்றி நெடுநாள் கடலில் சென்ற மாலுமிகள், ஈறு வீங்கி, பல் தளர்ந்து, ஸ்கர்வி நோயால் மடிந்தனர். 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்னும் பிரிட்டிஷ் கப்பற்படை மருத்துவர் நோயாளர் 12 பேரை இருவர் இருவராகப் பிரித்து, வெவ்வேறு மருந்து அளித்துச் சோதித்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைவில் தேறினர். அக்கனிகளிலுள்ள வைட்டமின் ஸி என்னும் ஜீவசத்தே அதற்குக் காரணமென்பது பிற்காலத்தில் விளங்கிற்று.

இந்நோய் ஆட்டுக்கும் எலிக்கும் வருவதில்லை. ஏனெனில் அவற்றின் கல்லீரல் சர்க்கரையிலிருந்து இச்சத்தைத் தானே ஆக்கிக்கொள்ளுகின்றது. அவ்வேலையின் இறுதிப் படியை நடத்துவது குலோனோலாக்டோன் ஆக்ஸிடேஸ் என்னும் நொதி. கல்கத்தாவில் ஐ. பி. சட்டர்ஜி என்பார் இந்நொதியைப் பல பிராணிகளிடத்தும் தேடி, 1973-இல் தம் முடிபுகளைத் தொகுத்து வெளியிட்டார். தவளையிலும் ஊர்வனவற்றிலும் சிறுநீரகம் இச்சத்தை ஆக்குகின்றது. பாலூட்டிகளில் அத்தொழில் கல்லீரலுக்கு மாறியது. இடம் மாறினும் நொதி மாறவில்லை.

எனினும் சில குலங்கள் இவ்வாற்றலை இழந்தன. 1907-இல் நார்வே நாட்டு அறிஞர் ஹோல்ஸ்டும் பிரோலிக்கும் கினிப்பன்றிக்குத் தானியம் மட்டும் அளித்தபோது அதற்கும் ஸ்கர்வி கண்டது. மனிதனிடத்து இம்மரபணு அடியோடு மறைந்துவிடவில்லை. செல்லரித்த ஏடுபோல் அதன் சிதைவு இன்றும் நம் உயிரணுக்களில் உள்ளது. 1994-இல் ஜப்பானிய அறிஞர் நிஷிகிமியும் அவர்தம் துணைவரும் அதனை விளக்கினர். 1999-இல் மனிதன், சிம்பன்சி, ஒராங்குட்டான், மக்காக் குரங்கு ஆகிய நான்கினிடத்தும் அச்சிதைவுகளை ஒப்பிட்டபோது, ஒரே இடத்தில் ஒரே எழுத்து விடுபட்டிருக்கக் கண்டனர். ஏறத்தாழ ஆறு கோடி ஆண்டுகளுக்கு முன் இவற்றின் பொது மூதாதையிடத்து நேர்ந்த இழப்பு இஃது என மதிப்பிடுவர். கினிப்பன்றியின் மரபணு அதற்கு மிகப் பிந்தித் தனியே கெட்டது.

நம் நாட்டுத் தேவாங்கோ மரபணு கெடாத கிளையைச் சேர்ந்தது. குரங்கினத்துக்கு உறவாயினும், அவ்விழப்புக்கு முன்னரே அதன் கிளை பிரிந்துவிட்டது.

இவ்வளவு பயனுள்ள பொருள் எவ்வாறு இழக்கப்பட்டது? கனியும் தழையும் உண்ட மூதாதைக்கு இச்சத்து உணவிலேயே நிரம்பக் கிடைத்திருக்கும். ஆதலின் மரபணு கெட்டும் உயிர்க்கு ஊறு நேரவில்லை. கெட்ட படியே வழிவழி வந்தது. உணவு குறைந்த நாளிலேதான் அவ்விழப்பு கொடுமையாயிற்று. கடலில் மாண்ட மாலுமிகள் செலுத்தியது அப்பழங்கடனையே.

ஆதலின் உயிர்நூல் பயிலும் மாணவர், உயிர்களிடத்து உள்ளவற்றை ஒப்பிடுவதோடு அமையாது, இல்லாதவற்றையும் ஒப்பிடுதல் வேண்டும். உறவை ஐயமற உணர்த்துவன பெரும்பாலும் பின்னவையே.