இருட்டில் ஒளிரும் ரத்த ஓட்டம்



போன வருஷம் எங்க மாமா பைக்கில் இருந்து விழுந்துவிட்டார். முழங்காலுக்குக் கீழே தோல் கிழிந்து எலும்பே தெரிந்தது. வெறும் எலும்பின் மேல் ஒட்டுத்தோல் பிடிக்காதாம். அதனால் பக்கத்தில் இருந்த தோலையும் சதையையும் முழுசாக வெட்டி எடுக்காமல், ஒரு பக்கம் ஒட்டியபடியே திருப்பிக் காயத்தை மூடினார்கள். இதற்கு ஃபிளாப் என்று பெயர். நாம் தோல் மடல் எனலாம்.

ஒட்டுத்தோல் என்பது குச்சியை ஒடித்து நடுவது மாதிரி. தோல் மடல் என்பது பதியம் போடுவது மாதிரி. கிளை தாய்ச்செடியோடு ஒட்டியே இருக்கும், அந்த வழியாகத்தான் அதற்குத் தண்ணீர் வரும். மடலுக்குத் தண்ணீர் என்பது ரத்தம்.

ஆபரேஷன் முடிந்ததும் நர்ஸ் அக்கா அடிக்கடி வந்து அந்த இடத்தை விரலால் அமுக்கிப் பார்ப்பார். "என்ன சிஸ்டர், சும்மா சும்மா அமுக்குறீங்க?" என்று மாமா கேட்டார். "அமுக்கினா வெளுக்கணும், விட்டா நிறம் திரும்பணும்ணே. அப்பத்தான் ரத்தம் ஓடுதுன்னு அர்த்தம்" என்றார் அவர்.

ஆனால் ஐந்தாம் நாள் மடலின் நுனி கறுத்துவிட்டது. அதை மட்டும் வெட்டி எடுத்தார்கள். மாமா இன்னும் மூன்று வாரம் படுக்கையில் இருக்க வேண்டியதாயிற்று. "இது ஆபரேஷன் பண்ணும்போதே தெரியாதா சார்?" என்று டாக்டரிடம் கேட்டேன். "கண்ணுக்கு எல்லாம் ஒரே மாதிரிதாம்மா தெரிஞ்சுது. சாயம் ஏத்தி கேமராவுல பாத்திருந்தா ஒருவேளை தெரிஞ்சிருக்கும்" என்றார். அந்தச் சாயத்தைப் பற்றிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சோதனை 1: கொஞ்சம் மஞ்சள் தூளை சானிடைசரில் கலக்குங்கள். கடையில் கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கின் கீழே வையுங்கள். (விளக்கை நேராகப் பார்க்கக் கூடாது!) பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். ஒரு ஒளியை வாங்கி, அதைவிட அலைநீளம் கூடிய வேறு ஒளியாகத் திருப்பித் தருவதற்கு ஒளிர்தல் என்று பெயர்.

சோதனை 2: இருட்டில் டார்ச்சை உள்ளங்கையால் மூடுங்கள். விரல் ஓரம் சிவப்பாகத் தெரியும். நீலமும் பச்சையும் சதையில் நின்றுவிடும், சிவப்பு தாண்டி வரும். சிவப்புக்கு அடுத்த அகச்சிவப்பு ஒளி இன்னும் நன்றாகத் தாண்டும்.

இந்த இரண்டையும் சேர்த்தால் வருவதுதான் இண்டோசயனின் கிரீன் என்ற பச்சைச் சாயம். கோடாக் ஆய்வகத்தில் உருவானது. 1959-ல் அமெரிக்காவில் மருத்துவத்துக்கு அனுமதி கிடைத்தது. இதை நரம்பு ஊசி மூலம் ஏற்றினால் ரத்தத்தில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொண்டு ரத்தக் குழாய்க்குள்ளேயே ஓடும். சுமார் 800 நானோமீட்டர் ஒளியை வாங்கி, சுமார் 830 நானோமீட்டர் ஒளியைத் தரும். அது நம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதற்கென உள்ள கேமரா அதைத் திரையில் காட்டிவிடும். ரத்தம் போகும் இடம் வெளிச்சமாகும், போகாத இடம் இருட்டாகவே இருக்கும். தையல் போடும் முன்பே டாக்டர் யோசித்து முடிவெடுக்கலாம்.

முன்பு ஃபுளோரசின் என்ற சாயத்தைப் பயன்படுத்தினார்கள். அது குழாயை விட்டுக் கசிந்து நெடுநேரம் தங்கிவிடும். உடனே மறுபடி பார்க்க முடியாது. இண்டோசயனின் கிரீனைக் கல்லீரல் பித்தத்தில் தள்ளிவிடும். மூன்று, நான்கு நிமிஷத்திலேயே பாதி குறைந்துவிடும். அதே ஆபரேஷனில் இன்னொரு முறையும் பார்க்கலாம். இதில் அயோடின் இருப்பதால், அயோடின் ஒவ்வாமை உண்டா என்று முதலிலேயே கேட்டுக்கொள்வார்கள்.

அப்படியானால் கேமரா சொல்வதே முடிவா? இல்லை. குளிராலோ மருந்தாலோ ரத்தக் குழாய் கொஞ்ச நேரம் சுருங்கினால், உயிருள்ள இடமும் இருட்டாகத் தெரியும். மேலும் கேமரா காட்டுவது அந்த நேரத்து ரத்த ஓட்டத்தை மட்டும்தான். ராத்திரி குழாயில் ரத்தம் உறைந்தால் அதை முன்கூட்டியே சொல்லாது. அதற்கு நர்ஸ் அக்காவின் விரல்தான் வேண்டும்.

உங்களுக்குத் தெரியுமா? ஒளிர்தலுக்கு 'ஃபுளோரசன்ஸ்' என்று 1852-ல் பெயர் வைத்தவர் ஜார்ஜ் ஸ்டோக்ஸ்.

மாமா இப்போது நன்றாக நடக்கிறார். நீங்களும் உங்கள் விரல் நகத்தை அமுக்கி விட்டுப் பாருங்கள். இரண்டு வினாடிக்குள் சிவப்பு திரும்பி வருகிறதா?

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி