தானே நீண்டு தானே சுருங்கும் நீர்க்குழாய்

இலங்கையின் மிக உயர்ந்த புகையிரத நிலையம் அமைந்த பட்டிப்பொல, கடல் மட்டத்திலிருந்து 6,200 அடிக்கு மேற்பட்ட உயரத்திலுள்ளது. அங்கும் அம்பேவெல, நுவரெலியாப் பகுதிகளிலும் உருளைக்கிழங்கு, லீக்ஸ், கரட், கோவா என்பன சரிவில் வெட்டிய படிமேடைகளிற் பயிராகின்றன. நீர் நிறைந்த பாரமான குழாயை இம்மேடைகளின் குறுக்கே இழுப்பதால் பாத்தியின் ஓரங்கள் இடிகின்றன, இளஞ்செடிகள் முறிகின்றன, வாடல் நோய் கண்ட பாத்தியின் மண் குழாயில் ஒட்டி அடுத்த பாத்தியையும் அடையக்கூடும். நீர் விட்டதும் நீண்டு, நிறுத்தியதும் சுருங்கும் பாரமற்ற குழாய் இத்தொல்லையைக் குறைக்கும். எனினும் அது எல்லா இடத்திற்கும் ஏற்றதன்று.

அமைப்பு

இக்குழாய் இரு பகுதிகளாலானது. உள்ளே நன்கு இழுபடும் மெல்லிய இறப்பர்க் குழாய்; வெளியே இழுபடாத நூலால் நெய்த நீண்ட உறை. இவை இரு முனைகளில் மாத்திரமே இணைக்கப்பட்டுள்ளன. நீரில்லாதபோது உறை சுருங்கி மடிந்திருக்கும். உறையில்லாவிடின் உட்குழாய் பலூன்போல ஓரிடத்திற் புடைத்து வெடிக்கும். உறை அகலத்தைக் கட்டுப்படுத்துவதால், உறை நிமிரும்வரை அது நீளவாட்டில் விரிந்து, ஏறத்தாழ மூன்று மடங்கு நீளமாகும். நீரை நிறுத்தியதும் இறப்பரின் மீள்தன்மை எஞ்சிய நீரை வெளியேற்றிக் குழாயைச் சுருக்கும்.

ஐக்கிய அமெரிக்காவில் கேரி ராக்னர் என்பார் சுருள்வில்லினாற் சுருங்கும் குழாய்க்கு 2005 ஆம் ஆண்டிலும், மைக்கேல் பெரார்டி என்பார் மேற்கூறிய இறப்பர் முறைக்கு 2012 ஆம் ஆண்டிலும் ஆக்கவுரிமை பெற்றனர்.

அமுக்கமே உயிர்நாடி

குழாயை நீட்டுவது நீரின் அமுக்கம். நீர்த்தொட்டி தோட்டத்தைவிட 10 மீற்றர் உயரத்திலிருப்பின், சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 1 கிலோகிராம் அமுக்கம் கிடைக்கும். உட்குழாயின் உள்விட்டம் 1 சென்ரிமீற்றராயின், 5 மீற்றர் உயரத்தில் அதனை இழுக்கும் விசை ஏறக்குறைய 400 கிராம். 20 மீற்றரில் 1,600 கிராம். குறைந்த விசை இறப்பரின் எதிர்ப்பையும் நிலத்தின் உராய்வையும் வெல்லாது. குழாய் அரைகுறையாகவே நீளும்.

குழாயின் வாயையும் ஒடுக்கியே வைத்தல் வேண்டும். வாயை முற்றாகத் திறந்தால் அமுக்கம் இறங்கி, நீர் பாயும்போதே குழாய் சுருங்கத் தொடங்கும். ஆகவே நாற்றுமேடைக்கும் மரக்கறிப் பாத்திக்கும் நீர் தெளிக்க இது உதவும். பெருமளவு நீர் வேண்டிய நெல்வயலுக்கு வாய்க்காலே தக்கது.

பேணும் முறை

1. வேலை முடிந்ததும் நீரை வடித்து, நிழலில் வைக்கவும். வெயில் இறப்பரை வெடிக்கச் செய்யும்.
2. தை, மாசி மாதங்களில் உறைபனி விழும் இரவுகளில் குழாயில் நீர் தங்கலாகாது.
3. எண்ணெய் கலந்த மருந்துகள் இறப்பரைக் கெடுக்கும். மருந்து தெளிக்கும் விசைப்பொறியுடன் இதனை இணைத்தல் கூடாது.
4. கூரிய கல், முள்ளின் மேல் இழுக்கற்க. உறை கிழிந்தால் உட்குழாய் அவ்விடத்திலேயே வெடிக்கும்.
5. நோய் கண்ட பாத்தியிற் பயன்படுத்தியபின் உறையைக் கழுவி உலர்த்தவும்.

கமக்காரர்களே, குழாய் வாங்குமுன் உங்கள் தொட்டிக்கும் தோட்டத்திற்கும் இடையிலுள்ள உயரத்தை அளவுங்கள். இடையிலுள்ள படிமேடைகளின் எண்ணிக்கையை ஒரு மேடையின் உயரத்தாற் பெருக்கினால் அண்ணளவான கணக்குக் கிடைக்கும். உயரம் போதாதாயின் தொட்டியை மேலே அமைத்தல் நன்று. அன்றேல் பழைய குழாயே போதும். அளந்து வாங்கிய பொருள் பயன் தரும். அளவாது வாங்கியது மூலையிற் கிடக்கும்.