நாலறை வீட்டில் எத்தனை அறைகள்?

சென்னையிலிருந்து முதன்முறையாகச் சிங்கப்பூருக்கு வந்த பெரியவர் ஒருவர், தம் பேத்தியின் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். "ஏம்மா, நாலறை வீடு என்றாயே! மூன்று படுக்கையறைகள்தானே இருக்கின்றன?" என்று கேட்டார். பேத்தி சிரித்தாள். "வரவேற்பறையையும் சேர்த்துத்தான் நாலறை, தாத்தா," என்றாள்.

பெரியவரின் ஐயத்தில் தவறில்லை. சென்னையில் வீட்டின் அளவைச் சொல்லும்போது படுக்கையறைகளை மட்டுமே எண்ணுவார்கள். சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் வரவேற்பறையையும் ஓர் அறையாகக் கணக்கிடுகிறது. ஆகவே, மூவறை வீட்டில் இரண்டு படுக்கையறைகளும் நாலறை வீட்டில் மூன்று படுக்கையறைகளும் இருக்கும். சமையலறையும் குளியலறையும் இக்கணக்கில் சேரா. ஐந்தறை வீட்டிலும் பொதுவாக மூன்று படுக்கையறைகளே உண்டு. உணவு உண்ணவோ படிக்கவோ பயன்படும் கூடுதல் இடமே ஐந்தாவது அறையாகக் கொள்ளப்படுகிறது.

'ஓரறை வீடு' என்னும் சொல்லுக்குத் தனி வரலாறு உண்டு. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. மறு ஆண்டு மே 25ஆம் நாள், புக்கிட் ஹோ சுவீ வட்டாரத்தில் பெருந்தீ மூண்டது. அத்தாப்புக் கூரை வேய்ந்த குடிசைகள் எரிந்து சாம்பலாயின. ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தனர். அவர்களுள் பலர் புதிதாகக் கட்டப்பட்ட ஓரறை வீடுகளில் குடியேறினர். உட்காரவும் உறங்கவும் ஒரே அறைதான். ஆயினும், எளிதில் தீப்பற்றாத உறுதியான சுவர்கள் அவர்களுக்குப் பெரும் ஆறுதலாக இருந்தன.

இன்று ஓரறை வீடுகள், குறைந்த வருமானமுள்ள குடும்பங்களுக்கு வாடகைக்கு விடப்படுகின்றன. அதனால், அச்சொல்லைக் கேட்டதும் சிலர் அங்கு வாழ்பவரின் வசதியை எடைபோடத் தொடங்கிவிடுகின்றனர். அன்று ஆறுதல் தந்த பெயர், இன்று சிலருக்குச் சொல்லத் தயக்கம் தரும் பெயராகிவிட்டது.

"உன் வீடு எத்தனை அறை?" என்று மாணவர்கள் ஒருவரையொருவர் இயல்பாகக் கேட்பதுண்டு. நண்பர் பதில் சொல்லத் தயங்கினால், மீண்டும் வற்புறுத்திக் கேட்காமல் இருப்பதே பண்பு. அறைகளின் எண்ணிக்கை வீட்டின் அமைப்பை மட்டுமே காட்டும். அதில் வாழ்வோரின் உழைப்பையும் அன்பையும் அளந்து காட்டாது.