பழியைப் பம்பு மேல் போடாதீர்கள்

பழைய மஸில் காரில் பெட்ரோல் அமைப்பை மாற்றப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: பம்பு வாங்குவதற்கு முன்னால் ஒரு நல்ல மல்டிமீட்டர் வாங்குங்கள். பம்பு எத்தனை லிட்டர் தள்ளும் என்று அட்டைப் பெட்டியில் போட்டிருப்பதை நம்பி இறங்கினால் பணமும் போகும், எஞ்சினும் போகும். என் காரில் ஒரு பிஸ்டன் போயிற்று. அது போயிருக்க வேண்டியதே இல்லை என்ற ஆற்றாமையில்தான் இதை எழுதுகிறேன்.

நான் இருப்பது மிச்சிகனில், டெட்ராய்ட் பக்கம். கார், 1970 ஷெவர்லே ஷெவெல் எஸ்.எஸ். அந்த ஆண்டு வண்டியில் 396 என்று பெயர் போட்டிருந்தாலும் பானெட்டுக்குள் இருந்தது 402 கன அங்குல எஞ்சின். கம்பெனி சொன்ன சக்தி 350 குதிரை. நான் வாங்கும்போதே அந்த எஞ்சின் போய், அதன் இடத்தில் ஒரு 454 உட்கார்ந்திருந்தது. அதை போர் செய்து, நீண்ட ஸ்ட்ரோக் உள்ள கிராங்க் போட்டு 496 ஆக்கினேன். டைனோவில் 550 குதிரைசக்தி வந்தது.

கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் போட்டதற்காக இங்குள்ள பழைய கார்க்காரர்கள் பலர் இன்னும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். ஆகஸ்ட் மாதம் மூன்றாவது சனிக்கிழமை உட்வர்ட் அவென்யூவில் ட்ரீம் குரூஸ் நடக்கும். 1995 முதல் நடக்கிறது. ஃபெர்ன்டேலிலிருந்து பான்டியாக் வரை வண்டிகள் ஊர்ந்துகொண்டே இருக்கும். அந்த வெயிலில், இன்று பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் கார்புரேட்டர் கிண்ணத்தில் கொதித்துப் பொங்கும். அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் வண்டி திணறும். எனக்கு வேண்டியது ஓடுகிற கார். கண்காட்சியில் நிறுத்துகிறவர்கள் அவர்கள் விருப்பப்படி செய்துகொள்ளட்டும். என் கார்புரேட்டர் பத்திரமாக அலமாரியில் இருக்கிறது.

இன்ஜெக்‌ஷனுக்கு மாறும்போது கணக்கே மாறிவிடுகிறது. பழைய மெக்கானிக்கல் பம்பு கேம்ஷாஃப்ட்டால் இயங்குவது. 5 முதல் 7 பி.எஸ்.ஐ. அழுத்தம் தந்தால் போதும். என் த்ராட்டில் பாடிக்கு வேண்டியது 58 பி.எஸ்.ஐ. அளவு எவ்வளவு வேண்டும் என்பதற்கு எளிய சூத்திரம் ஒன்று உண்டு. டர்போ, சூப்பர்சார்ஜர் இல்லாத எஞ்சினில் ஒரு குதிரைசக்திக்கு மணிக்கு அரை பவுண்டு பெட்ரோல். 550 குதிரைக்கு 275 பவுண்டு; ஏறத்தாழ 170 லிட்டர். ஆகவே மணிக்கு 255 லிட்டர் என்று போட்ட பம்பு தாராளமாகப் போதும் என்று தோன்றும். உண்மையில் போதும்தான். ஆனால் அழுத்தம் ஏற ஏற அளவு குறையும், வோல்ட் குறையக் குறைய இன்னும் குறையும். பம்புடன் வரும் வரைபடத்தில் இரண்டும் இருக்கும். 58 பி.எஸ்.ஐ., 13.5 வோல்ட் என்ற இடத்தில் விரலை வைத்துப் பாருங்கள். அதுதான் உங்கள் பம்பின் உண்மையான அளவு.

டேங்கை மாற்றவும், அந்த 255 லிட்டர் பம்பைப் போட்டு ஒயரிங் செய்யவும் மஸில் கார்களுக்கென்றே பெயர் பெற்ற ஓர் ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். சாதாரண ஓட்டத்தில் வண்டி சொன்ன பேச்சுக் கேட்டது. ஆனால் மூன்றாவது கியரில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து 5,500 ஆர்.பி.எம். தாண்டியதும் இழுவை சட்டென்று சோர்ந்துவிடும். 12.6 காட்ட வேண்டிய காற்று–எரிபொருள் மீட்டர் 14ஐ நோக்கி ஏறும். பெட்ரோல் போதவில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

வண்டியைத் திருப்பிக் கொண்டுபோனபோது, எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு அழுத்த மீட்டரைக் காட்டினார்கள். 58, அசையாமல் நின்றது. “லைனில் குறையில்லை, உங்கள் எஞ்சினுக்குப் பம்பு சிறிது” என்றார்கள். எனக்கு இன்றும் வயிறு எரிவது இந்த இடத்தில்தான். ஐடிலில் எஞ்சின் குடிப்பது சொற்பம். மீதியெல்லாம் ரிடர்ன் லைன் வழியாக டேங்குக்கே திரும்புகிறது. ரெகுலேட்டரால் மிஞ்சியதைத் திருப்பிவிட முடியுமே தவிர, இல்லாததை உண்டாக்க முடியாது. அதனால் செத்துக்கொண்டிருக்கும் பம்புகூட ஐடிலில் 58 காட்டும். முழு மிதியில் பார்க்காத அழுத்தம் எதற்கும் சான்று ஆகாது. இது அவர்களுக்குத் தெரியாத விஷயமல்ல.

450 லிட்டர் பம்பு ஒன்றைத் தலையில் கட்டினார்கள். சில வாரங்கள் அருமையாக ஓடியது. அந்த நம்பிக்கைதான் கெடுத்தது. பிறகு ஒரு மாலை, நெடுஞ்சாலையில் ஏறும்போது ஒரு சிலிண்டர் தட்டத் தொடங்கியது. வீட்டுக்கு இழுத்து வந்து ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினேன். ஒரு பிளக்கின் பீங்கான் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. அதன் மேல் கடுகைவிடச் சிறியதாக, வெள்ளி நிறத்தில் பொட்டுப் பொட்டாய் ஒட்டியிருந்தவை பிஸ்டனிலிருந்து உருகித் தெறித்த அலுமினியம். ஹெட்டைத் திறக்கும் முன்பே விஷயம் தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு யாரையும் கேட்கவில்லை. நானே டேங்கை இறக்கினேன். பம்புக்கு வரும் மின்சாரத்தை ஃபியூஸ் பெட்டியில் சாவி போட்டால் உயிர் வரும் ஒரு முனையிலிருந்து எடுத்திருந்தார்கள். 50 ஆண்டு கடந்த இக்னிஷன் சுவிட்ச், அதன் பழைய கனெக்டர்கள், மெல்லிய ஒயர் எல்லாவற்றையும் கடந்து அது பின்னால் போயிற்று. ரிலே கிட் பிரிக்கப்படாமல் டிக்கியிலேயே கிடந்தது. எர்த் ஒயரை டிக்கித் தகட்டில் பெயின்ட்டின் மேலேயே ஒரு தகட்டு ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருந்தார்கள். ஸ்க்ரூவைத் திருப்பியதும் அடியிலிருந்து துரு உதிர்ந்தது. பக்கத்துக் கனெக்டரின் பிளாஸ்டிக் பழுப்பேறி ஒரு முனையில் இளகியிருந்தது.

புது பிஸ்டன் போட்டபின் அதே ஒயரிங்கை அப்படியே மாட்டி, ஐடிலில் அளந்தேன். பேட்டரியில் 13.8 வோல்ட். பம்பில் 9. பாசிட்டிவ் பக்கம் 2.9, எர்த் பக்கம் 1.9 வோல்ட் வழியிலேயே தொலைந்திருந்தது.

பெரிய பம்பு ஏன் நிலைமையை மோசமாக்கியது என்பது இங்கே புரியும். சின்னப் பம்பு 9 ஆம்பியர் இழுத்தது, பெரியது 14. கரண்ட் ஏறினால் ஒயரில் தொலையும் வோல்ட்டும் ஏறும். கனெக்டரில் உண்டாகும் சூடோ 2 மடங்குக்கு மேல் ஏறும். சூட்டில் கனெக்டர் கெட, தடை கூட, வோல்ட் இன்னும் குறைந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அப்படித்தான் ஒயர் செய்த குற்றத்துக்குப் பம்பு மாட்டிக்கொண்டது. தண்டனையை பிஸ்டன் அனுபவித்தது.

திருத்தியது இப்படி. பேட்டரியிலிருந்து நேராகப் பின்னால் ஒரு 10 கேஜ் ஒயர், பேட்டரிக்கு ஒட்டினாற்போல் ஃபியூஸ், டிக்கியில் ரிலே. அந்த ரிலேவைத் தட்டிவிடுவது இன்ஜெக்‌ஷன் கம்ப்யூட்டர். எஞ்சின் நின்றால் பம்பும் நிற்கும். சாவியோடு பம்பைக் கட்டினால் விபத்தில் எஞ்சின் நின்ற பிறகும் உடைந்த குழாய் வழியாகப் பெட்ரோல் பீறிட்டுக்கொண்டே இருக்கும். இதற்கு மேல் ஒரு மோதல் சுவிட்சும் வைத்தேன். எர்த்தை சேஸிஸ் ஃபிரேமில், பெயின்ட்டைச் சுரண்டிப் பளபளவென்று இரும்பு தெரிந்த இடத்தில், லக் வைத்து போல்ட் போட்டேன். இழப்பு மொத்தம் அரை வோல்ட்டுக்குள் வந்தது. பிறகு 450 லிட்டர் பம்பைக் கழற்றிவிட்டுப் பழைய 255ஐயே திரும்பப் போட்டேன். முழு மிதியில் 5,800 ஆர்.பி.எம். வரை 58 பி.எஸ்.ஐ. இறங்கவே இல்லை. சிறிது என்று ஒதுக்கப்பட்ட அதே பம்புதான்!

மற்ற வேலைகள் யாரும் செய்யக்கூடியவை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஷெவெலில் பெட்ரோல் ஊற்றும் வாய் பின் நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் இருக்கிறது. டேங்கை இறக்குமுன் அந்தப் பக்கத்தைக் கவனியுங்கள். டேங்கைக் காலி செய்து, பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். உள்ளே தடுப்புத் தகடுகள் உள்ள, டேங்குக்குள்ளேயே பம்பு உட்காரும் வகையை வாங்குங்கள். பெட்ரோலில் மூழ்கிய பம்பு சூடேறாது, சத்தமும் போடாது. எஞ்சினுக்குப் போகும் குழாய் 3/8 அங்குலம் போதும். ரிடர்ன் லைன் கட்டாயம். பம்புக்கு முன்னால் 100 மைக்ரான், பின்னால் 10 மைக்ரான் ஃபில்டர். கார்புரேட்டர் காலத்து ரப்பர் ஹோஸை இந்த அழுத்தத்துக்குப் பயன்படுத்தவே கூடாது. எத்தனாலையும் தாங்கும் பி.டி.எஃப்.இ. ஹோஸ் போடுங்கள். ஏ.என். ஃபிட்டிங்கின் சரிவு 37 டிகிரி. சாதாரணக் கடையில் கிடைப்பது 45. இரண்டையும் சேர்த்து முறுக்கினால் கசியும். டேங்கின் காற்றுப் போக்கி திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

85 சதவீத எத்தனால் ஊற்றப் போகிறவர்களுக்கும் டர்போ போடுகிறவர்களுக்கும் பெரிய பம்பு உண்மையிலேயே தேவை. எத்தனாலுக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வேண்டும். மற்றவர்கள் பெரிய பம்பு போட்டால், தேவைக்கு மிஞ்சிய பெட்ரோல் சுற்றிச் சுற்றி வந்து டேங்கே சூடேறும். ‘பெரிதாகவே இருக்கட்டுமே’ என்பது விற்கிறவனுக்கு லாபமான யோசனை.

ஒர்க்‌ஷாப்பில் விடுகிறவர்கள் பேச்சை முதலிலேயே தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் ஓடும்போது பம்பின் இரு முனையிலும் எத்தனை வோல்ட் என்று உங்கள் கண்முன் அளந்து காட்டச் சொல்லுங்கள். டேங்கைத் திரும்ப ஏற்றிய பிறகும் மீட்டர் முனை எட்டும்படி கனெக்டரை வெளியே வைக்கச் சொல்லுங்கள். அழுத்த மீட்டரை ஓட்டுநர் இருக்கையிலிருந்து தெரியும்படி கட்டி, முழு மிதியில் ஒரு ஓட்டம் போய்ப் பாருங்கள். இல்லையென்றால் டைனோவில் ஏற்றிப் பாருங்கள். இரண்டு எண்களும் சரியாக இருந்தால் முழுப் பணத்தையும் சந்தோஷமாகக் கொடுங்கள். ஐடிலில் 58 காட்டி பில்லை நீட்டினால் கொடுக்காதீர்கள்.