வாட்ஸ்அப்பில் போலீஸ் நோட்டீஸ் வந்தால்?

காரைக்காலில் வெளிநாட்டில் ஆள் இல்லாத தெருவைத் தேடித்தான் பிடிக்கணும். பிரான்ஸ், துபாய், சிங்கப்பூர் என்று எங்காவது ஒரு பிள்ளை இருக்கும். அதனால், "உங்க பையன் பேர்ல வந்த பார்சல்ல போதைப்பொருள் இருக்கு, மும்பை போலீஸ் பேசுறோம்" என்று வீடியோ கால் வந்தால் யாருக்கும் கை நடுங்கத்தான் செய்யும். அடுத்த நிமிஷமே அரசு முத்திரையோடு ஒரு நோட்டீஸ் வாட்ஸ்அப்பில் வந்து விழும். அதற்குக் கட்டுப்பட வேண்டுமா?

வேண்டியதில்லை என்பதற்கு சுப்ரீம் கோர்ட் உத்தரவே இருக்கிறது. சதேந்தர் குமார் அன்டில் வழக்கில் 2025 ஜனவரி 21 அன்று, நீதிபதிகள் எம்.எம். சுந்தரேஷ், ராஜேஷ் பிந்தல் அமர்வு அதைப் பிறப்பித்தது. விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும் போலீஸ் நோட்டீஸை வாட்ஸ்அப் போன்ற மின்னணு வழியில் அனுப்பக் கூடாது, சட்டம் சொல்லும் முறையில்தான் தர வேண்டும் என்றது. எல்லா மாநிலங்களும் யூனியன் பிரதேசங்களும் தங்கள் போலீசுக்கு இதை அறிவுறுத்த வேண்டும் என்றும் சொன்னது. ஆகவே காரைக்காலுக்கும், எல்லை தாண்டினால் வரும் நாகப்பட்டினத்துக்கும் ஒரே விதிதான்.

ஹரியானா அரசு இதை மாற்றக் கேட்டது. 2025 ஜூலையில் கோர்ட் மறுத்துவிட்டது. காரணம் முக்கியம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 35-வது பிரிவில் வருவது இந்த நோட்டீஸ். இதற்கு ஆஜராகாவிட்டால் கைது செய்யவும் வழி இருக்கிறது. ஒருவரின் சுதந்திரமே பறிபோகக்கூடிய விஷயத்தை, பார்த்தாரா இல்லையா என்று தெரியாத ஒரு மெசேஜை நம்பி விடலாமா? அதே சட்டம் வேறு சில வேலைகளுக்கு மின்னணு வழியை அனுமதிக்கிறது. இந்த நோட்டீஸுக்கு மட்டும் நாடாளுமன்றம் வேண்டுமென்றே அனுமதிக்கவில்லை என்றது கோர்ட்.

இங்கே ஒரு குழப்பம் வரலாம். போலீஸ் நோட்டீஸ் வேறு, கோர்ட் சம்மன் வேறு. கோர்ட் முத்திரையுடன் கூடிய சம்மன் மின்னணு வழியிலும் வரலாம். அதை அலட்சியமாக டெலீட் செய்துவிடாதீங்க. அதில் வழக்கு எண் இருந்தால் இ-கோர்ட்ஸ் ஆப்பில் போட்டுப் பாருங்கள், அல்லது அந்த கோர்ட் அலுவலகத்திலோ தெரிந்த வக்கீலிடமோ கேளுங்கள். மெசேஜில் உள்ள நம்பருக்கே போன் போட்டுச் சரிபார்ப்பது சரிபார்ப்பு ஆகாது!

சரி, "டிஜிட்டல் அரெஸ்ட்"? அப்படியொன்று எந்தச் சட்டத்திலும் கிடையாது. ஹரியானாவின் அம்பாலாவில் ஒரு முதிய தம்பதி ஒரு கோடி ரூபாய்க்கு மேல் இழந்தார்கள். அவர்களுக்குக் காட்டப்பட்டது சுப்ரீம் கோர்ட் பெயரிலேயே தயாரித்த போலி உத்தரவு. அந்த மூதாட்டி கடிதம் எழுத, 2025 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. டிசம்பர் 1-ல் இத்தகைய மோசடிகளை விசாரிக்க சிபிஐக்கு உத்தரவிட்டது.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீங்க, உடனே 1930-க்குப் பேசுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணம் கைமாறும் முன் வங்கியில் முடக்க வாய்ப்பு. சாட், கால் விவரம், பணம் அனுப்பிய ரசீது எல்லாம் போனிலேயே இருக்கட்டும், ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்து வையுங்கள்.

உண்மையான காவலரே நோட்டீஸை நேரில் கொண்டுவந்தால் வாங்கிக்கொண்டு, குறிப்பிட்ட நாளில் போய் ஆஜராகுங்கள். அப்படி ஒத்துழைப்பவரை, காரணத்தை எழுத்தில் பதிவு செய்யாமல் அந்த வழக்கில் கைது செய்ய முடியாது. வக்கீல் வைக்க வசதி இல்லையா? இலவச சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கு இதில் வருமான வரம்பு கிடையாது.