ஒரு மணி நேரம், ஆறு கட்டம்: மொழிப் பாடம் நடத்துவது எப்படி?

பாலிடெக்னிக் மாணவனுக்கும் மொழிப் பாடத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 சதவீதம், நம் தருமபுரி மாவட்டத்துக்கு 68.54. மாநிலத்திலேயே கடைசி இடம் நமக்குத்தான். கைநாட்டு வைக்கிறவர்கள் வேறு எங்கோ இல்லை, நம் தெருவிலேயே இருக்கிறார்கள்.

சென்ற ஆண்டு எங்கள் தெருவில் ஆறு பெண்களுக்கு மாலை நேரத்தில் எழுத்துச் சொல்லிக் கொடுத்தேன். அதில் கற்றதை இங்கே எழுதுகிறேன்.

இந்த வழி புதியதல்ல. பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ ஃபிரெய்ரே, 1963-இல் அங்கிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 உழைப்பாளிகளுக்குச் சுமார் 40 மணி நேரத்தில் எழுதப் படிக்கக் கற்பித்தார். அகர வரிசையில் தொடங்காமல், அவர்கள் வாழ்க்கையில் புழங்கும் சொல்லில் தொடங்கினார். 'செங்கல்' அப்படிப்பட்ட ஒரு சொல். எழுத்தறியாதவருக்கு அன்று அந்த நாட்டில் ஓட்டுரிமை இல்லை. 1964-இல் ராணுவ ஆட்சி வந்ததும் அவரைச் சிறையில் போட்டார்கள். இங்கே 1988-இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. 1990-களில் தமிழ்நாட்டில் அறிவொளி இயக்கத் தொண்டர்கள் ஊர் ஊராகப் போய், சம்பளம் வாங்காமல் கற்பித்தார்கள்.

ஃபிட்டிங் ஷாப்பில் மார்க்கிங் போடாமல் ஹாக்சாவை எடுத்தால் இன்ஸ்ட்ரக்டர் விடுவாரா? பாடமும் ஒரு ஜாப் மாதிரிதான். வரிசை மாறினால் வேலை கெட்டுவிடும். முதல் நாள் பாடத்துக்கு நான் எடுத்த சொல் 'பட்டா'. ஒரு மணி நேரத்தை இப்படிப் பிரிக்கலாம்.

1. பேச்சு (10 நிமிடம்): புத்தகத்தைத் திறக்க வேண்டாம். "பட்டா யார் வீட்ல இருக்கு? யார் பேர்ல இருக்கு?" என்று கேட்டால் போதும், தானாகப் பேச்சு வரும். பேச்சில் வராத சொல் மனதில் நிற்காது.

2. முழுச் சொல் (5 நிமிடம்): 'பட்டா' என்று பெரிதாக எழுதி, விரலை ஓட்டிப் படித்துக் காட்ட வேண்டும். முதலில் சொல் ஒரு படம் போலக் கண்ணில் பதியட்டும்.

3. பிரித்தல் (10 நிமிடம்): ப, ட், டா. புள்ளி வைத்தால் ஓசை அடங்கும், துணைக்கால் போட்டால் நீளும். இந்த இரண்டு விதியும் ஒரே சொல்லில் கிடைத்துவிடுகின்றன. ப, ட இரண்டும் நேர்க்கோட்டு எழுத்துகள். களைக்கொத்து பிடித்த கைக்கு 'அ' போடுவதைவிட இவை சுலபம்.

4. சேர்த்தல் (15 நிமிடம்): இதுதான் பாடத்தின் உயிர். ப, பா, ட, டா, ட் ஆகியவற்றை அட்டையில் எழுதி, கலைத்துக் கொடுத்துவிட்டு நாம் சும்மா இருக்க வேண்டும். பட, பாட, பட்ட என்று வந்தது. ஒரு அக்கா 'பாடட்டா' என்று அடுக்கிவிட்டு, "பாடுக்கா!" என்று மற்றவர்கள் சொல்ல, நிஜமாகவே பாடிவிட்டார்! மறுநாள் மேல்விலங்கு சேர்ந்ததும் படி, பிடி, பட்டி, பாட்டி எல்லாம் வந்துவிட்டன. உகரத்தைச் சில நாள் தள்ளி வையுங்கள். கு, டு, பு, மு என்று எழுத்துக்கு எழுத்து அது உருவம் மாறும்.

5. எழுதுதல் (10 நிமிடம்): படிக்கத் தெரிந்ததை மட்டும் எழுதச் சொல்ல வேண்டும். முதலில் தரையில் விரலால், பிறகு சிலேட்டில், கடைசியாக நோட்டில். கையைப் பிடித்து எழுத வைத்தால் அது நம் எழுத்துதான், அவர்கள் எழுத்தல்ல.

6. பயன்படுத்துதல் (10 நிமிடம்): கற்றதை அன்றைக்கே வெளியில் எங்காவது தேடிப் பார்க்க வேண்டும். பஸ் போர்டு, ரேஷன் கார்டு, பாங்க் பாஸ்புக், எது வேண்டுமானாலும் சரி.

இந்த ஆறாவது கட்டம் எவ்வளவு பெரியது என்பது எனக்கு இரண்டாம் மாதம் புரிந்தது. அதற்குள் அவரவர் வீட்டுப் பெயர்களைப் படிக்கப் பழகியிருந்தார்கள். வீட்டுக் காகிதங்களை எடுத்து வரச் சொன்னேன். ஒரு அம்மா பட்டா நகலைக் கொண்டுவந்து, இறந்துபோன தன் கணவர் பெயரை எழுத்தெழுத்தாகத் தேடினார். கிடைக்கவில்லை. இருந்தது கொழுந்தனார் பெயர் மட்டும். பல வருஷமாகக் கிஸ்தி கட்டியவர் அவர். சிறிது நேரம் பேசவே இல்லை. பிறகு, "தம்பி, மனு ஒண்ணு எழுதணும். நான் சொல்றேன், நீ எழுது. கையெழுத்து நான் போடறேன்" என்றார். மனு தாலுகா ஆபீசுக்குப் போயிருக்கிறது; முடிவு இன்னும் வரவில்லை. ஆனால் அதில் கைநாட்டு இல்லை.

ஒரு எச்சரிக்கை. நம் மாவட்டத்தில் தெலுங்கு, கன்னடம் பேசும் வீடுகள் நிறைய. அங்கே முதல் கட்டத்துக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள். சொல்லின் பொருள் புரியாமல் எழுத்துக்குப் போகாதீர்கள். யார் எந்தக் கட்டத்தில் நிற்கிறார் என்று தினமும் நோட்டில் குறித்து, மறுநாள் அங்கிருந்தே தொடங்குங்கள்.

நண்பர்களே! தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு இங்கிலீஷைக் கண்டு பயப்படும் நமக்கும் இதே ஆறு கட்டம் பொருந்தும். தினமும் லேபில் புழங்கும் ஒரு சொல்லில் தொடங்கிப் பாருங்கள். செமஸ்டர் லீவில் ஆளுக்கு இரண்டு பேரைப் பிடித்து உட்கார வைத்தால் போதும். ஒரு சாக்பீஸ், ஒரு சிலேட்டு, ஒரு மணி நேரம். இதற்கு ஆகும் செலவு அவ்வளவுதான்.

– இறுதியாண்டு சிவில் மாணவன்